முதல் பத்து நிமிடத்துக்கு மூன்று ஆண்டுப் படிப்பு

இதய மருத்துவருக்கு இதயம், எலும்பு மருத்துவருக்கு எலும்பு, குழந்தை மருத்துவருக்குக் குழந்தைகள். அவசர சிகிச்சை மருத்துவருக்கு அப்படித் தனி உறுப்போ வயதோ கிடையாது. ஆம்புலன்சிலிருந்து யார் இறக்கப்பட்டாலும், அவர் உள்ளே வந்த முதல் சில நிமிடங்கள்தான் இந்த மருத்துவரின் துறை. நோய் இன்னதென்று தெரியும் முன்பே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போதே நோயையும் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கென்றே எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதன் பெயர் எம்.டி. அவசர மருத்துவம்.

தாராபுரம் போன்ற ஊருக்கு இந்தப் படிப்பு எவ்வளவு வேண்டியது என்பது சாலைகளைப் பார்த்தாலே விளங்கும். அமராவதிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் காங்கயம், கரூர், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைச் சாலைகள் வந்து கூடுகின்றன. திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர், கோவை சுமார் 80 கிலோமீட்டர். மூலனூர், குண்டடம் பக்கத்துக் காடு தோட்டங்களில் பாம்புக்கடியும் பூச்சிமருந்து விஷமும், சாலைகளில் விபத்தும், வீட்டுக்குள்ளே மாரடைப்பும் பக்கவாதமும் நேரம் பார்த்து வருவதில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரில், முதலில் பார்க்கும் டாக்டர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது.

கேஷுவாலிட்டி காலம்

ஒரு தலைமுறைக்கு முன்பு எந்த மருத்துவமனையிலும் இந்தப் பிரிவுக்கு 'கேஷுவாலிட்டி' என்றுதான் பெயர். அங்கே இருப்பவர் டூட்டி டாக்டர். அவர் அன்றைக்கு முறை வந்த இளம் மருத்துவராகவோ, வேறு துறையிலிருந்து அனுப்பப்பட்டவராகவோ இருப்பார். வருபவரைப் பார்த்து எந்த வார்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும், விபத்து என்றால் 'ஏ.ஆர்.' எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும்தான் அவருடைய முக்கிய வேலை. சிகிச்சை என்பது வார்டில் தொடங்கும் விஷயமாக இருந்தது.

உலகம் முழுவதும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 1961-இல் அமெரிக்காவின் அலெக்சாண்டிரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவை மட்டுமே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் படிப்பாக்கியது சின்சினாட்டி பல்கலைக்கழகம். அங்கே 1970-இல் தொடங்கிய முதல் ரெசிடென்சி பயிற்சியில் சேர்ந்தவர் ப்ரூஸ் ஜானியாக் என்ற ஒரே ஒருவர். 1979-இல் அமெரிக்கா இதைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் 1990-களில் வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற சில நிறுவனங்கள் இத்துறைக்கு வழிகாட்டின. 1999-இல் இந்திய அவசர மருத்துவச் சங்கம் உருவானது. 2009-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனி முதுநிலைப் படிப்பாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். வண்டி முதலில் வந்துவிட்டது. அந்த வண்டியை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டிய மருத்துவரை உருவாக்கும் படிப்பு பின்னால்தான் வந்தது.

சேரும் வழியும் பட்டத்தின் பெயரும்

பயிற்சி மருத்துவர் ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. அதன்பின் நீட் முதுநிலைத் தேர்வு. அதில் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. இடமோ, தேசியத் தேர்வு வாரியம் அங்கீகரித்த மருத்துவமனைகளில் டி.என்.பி. இடமோ கிடைக்கும். இரண்டுக்கும் காலம் மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் தனியார் கல்லூரிகளிலும் எம்.டி. இடங்கள் உள்ளன.

இவை தவிர, பிரிட்டனின் அவசர மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் எம்.ஆர்.சி.இ.எம். தேர்வை இங்கிருந்தே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தனியார் மருத்துவமனைகள் தரும் பயிற்சிகளும், 'ஃபெலோஷிப்' என்ற பெயரில் குறுகிய காலச் சான்றிதழ்களும் உண்டு. அவற்றில் நல்ல கைப்பயிற்சி கிடைக்கலாம். ஆனால் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவோ, அரசுப் பதிவேட்டில் இத்துறை நிபுணராகவோ ஆக எம்.டி. அல்லது டி.என்.பி. வேண்டும். மருத்துவமனைப் பலகையில் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல.

மூன்று ஆண்டில் என்ன நடக்கிறது

சேர்ந்தவரை மருத்துவமனையில் 'பிஜி' என்பார்கள். வகுப்பறையில் உட்காரும் நேரம் குறைவு. ஷிப்டில் நிற்கும் நேரமே அதிகம். முதலில் கற்பது தரம் பிரித்தல். ஒரே சமயத்தில் பத்துப் பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை, முதலில் வந்தவர் யார் என்பதில் இல்லை, சத்தம் போடுபவர் யார் என்பதிலும் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு, சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. கை ஒடிந்து அலறுபவர் மஞ்சளாக இருப்பார். ஓரத்தில் வியர்த்துப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் சிவப்பாக இருப்பார். அமைதியாக இருப்பவரைச் சந்தேகிக்கப் பழகுவது முதல் ஆண்டின் பெரிய பாடம்.

அடுத்தது வரிசை. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடம்பு முழுவதும். எவ்வளவு கோரமான காயம் கண்ணுக்குத் தெரிந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. நசுங்கிய காலைப் பார்த்து எல்லோரும் அங்கே ஓடும்போது, நாக்கு பின்னால் விழுந்து மூச்சு அடைத்திருப்பதை ஒருவர் கவனிக்க வேண்டும். விபத்துச் சிகிச்சையில் இந்த ஒழுங்கு ஒரு சொந்தத் துயரத்திலிருந்து பிறந்தது. 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் விழுந்தது. மனைவி இறந்தார், குழந்தைகள் காயம்பட்டார்கள். அருகிலிருந்த சிறிய ஊர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைக் கண்டு வெறுத்துப்போன அவர், முறையான பயிற்சி ஒன்றை உருவாக்க முனைந்தார். அதுவே இன்று ஏ.டி.எல்.எஸ். என்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அந்தப் பயிற்சி குறிவைத்தது மாநகர மருத்துவமனைகளை அல்ல. தாராபுரம் அளவிலான ஊர்களில் இருப்பவற்றைத்தான்.

கைவேலைகளில் தலையானது மூச்சுக்குழாய் செலுத்துவது. தூங்க வைக்கும் மருந்தையும் தசையைத் தளர்த்தும் மருந்தையும் அடுத்தடுத்து ஏற்றினால் நோயாளி தானாக மூச்சு விடுவது நின்றுபோகும். அதற்குப் பிறகு சில நிமிட அவகாசம்தான். அதற்குள் குழாய் சரியான இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே மருந்தை ஏற்றுவதற்கு முன்பே, முதல் முயற்சி தவறினால் என்ன, இரண்டாவதும் தவறினால் என்ன, கடைசியில் கழுத்தில் துளையிட வேண்டி வந்தால் யார் செய்வது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதை மயக்கவியல் துறைக்குப் போய் அறுவை அரங்கில் பழகிக்கொண்டு வருவார்கள்.

அதேபோல் தீவிர சிகிச்சை, பொது மருத்துவம், அறுவை, எலும்பு, குழந்தைகள், மகப்பேறு என்று துறைதுறையாகச் சில வாரங்கள் அனுப்பப்படுவார்கள். எந்தத் துறையில் எத்தனை நாள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பிரசவம் பார்க்கவும், எலும்பை இழுத்துப் பொருத்தவும், மார்பில் குழாய் போடவும் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி. விபத்தில் வந்தவரின் ஈரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயம் என்று நான்கு இடங்களில் வைத்து, உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம்.

செய்த ஒவ்வொரு வேலையும் பதிவேட்டில் ஏறும். ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும்: நான்கு எழுத்துத் தாள்கள், செய்முறை, நேர்முகம்.

பாம்பும் கிழங்கும்

அமெரிக்கப் பாடநூலில் ஓரமாக இருக்கும் சில அத்தியாயங்கள் கொங்குச் சீமையில் நடுப்பக்கத்துக்கு வந்துவிடும். முதலாவது பாம்புக்கடி. இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. கடித்த பாம்பு எது என்பது பெரும்பாலும் தெரியாது. அதைக் கண்டுகொள்ள உதவும் மிக எளிய சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். சுத்தமான, ஈரமில்லாத, சோப்புப் போட்டுக் கழுவாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலோ, பதினைந்தாவது நிமிடத்தில் யாரோ குலுக்கிப் பார்த்தாலோ முடிவு தவறாகிவிடும். பிஜி மாணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கற்கும் இடம் இது.

கட்டுவிரியன் வேறு விதம். ராத்திரி தரையில் படுத்துத் தூங்கியவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் அவர் வயிற்றுவலி என்று வருவார். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்க்கத் தெரியாத டாக்டர் அல்சருக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்; தெரிந்தவர் மூச்சுக்குழாயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. முதல் தவணையே பத்துக் குப்பி வரை போகும். அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்பதால், அதை ஏற்றத் தொடங்கும் முன்பே அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த வட்டாரத்துக்கே உரியது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பந்தல் கம்பியில் படரவிட்டு விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு. பூத்தால் அது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்கிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. அளவு மீறினால் அதுவே கொடிய விஷம். வேறு கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவரோ, மனம் உடைந்து உட்கொண்டவரோ முதல் நாள் வாந்தி, பேதியோடுதான் வருவார். பார்ப்பதற்குக் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டது போலவே இருக்கும். டிரிப்ஸ் ஏற்றினால் சற்றுத் தெளிவதும் உண்டு. ஆனால் அடுத்தடுத்த நாட்களில்தான் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். இதற்கு எளிதில் கிடைக்கும் முறிவு மருந்து கிடையாது. எனவே காப்பாற்றும் வாய்ப்பு, முதல் நாளே சந்தேகப்பட்டு, வீட்டுக்கு அனுப்பாமல், தீவிர சிகிச்சை உள்ள இடத்தில் வைத்துக் கண்காணிப்பதில்தான் இருக்கிறது. "என்ன பயிர் போட்டிருக்கீங்க?" என்ற கேள்வி இங்கே நோயறியும் கேள்வியாகிவிடுகிறது.

பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் என்ற பழைய மருந்தே இன்றும் கைகொடுக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டிப்பாக்கி, நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கும் வரை கொடுக்க வேண்டும். மருந்து பட்ட துணியைக் களைந்து உடம்பைக் கழுவுவதும் சிகிச்சைதான். வீட்டில் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நுரையீரலுக்குள் விஷத்தைத் தள்ளிவிடும் என்பதை உறவினர்களுக்குச் சொல்வதும், உயிர் பிழைத்தவரை மனநல ஆலோசனைக்கு அனுப்புவதும் பயிற்சியில் அடங்கும்.

அனுப்பி வைப்பதும் ஒரு சிகிச்சை

'ரெஃபர் பண்ணிட்டாங்க' என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பொருளில்தான் மக்கள் சொல்கிறார்கள். முறையாகச் செய்தால் அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு மாரடைப்பே சான்று. ரத்தக்குழாய் அடைப்பை பலூனால் திறக்கும் வசதி பெரிய ஊர்களில்தான் உண்டு. சிறிய ஊர் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, அடைப்பைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டு, பிறகு ஒரு நாளுக்குள் ஆஞ்சியோகிராம் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவது என்ற முறை கோவை–ஈரோடு வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் இதை முன்னெடுத்தார்கள். பின்னர் தமிழ்நாட்டின் நான்கு பெரிய மையங்களையும் அவற்றோடு இணைந்த சிறிய மருத்துவமனைகளையும் கொண்டு 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லாமல், முதலில் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தியதால் கிடைத்த பலன் இது.

விபத்திலும் இதே நிலைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் இங்கேதான். நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவெடுக்க, கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் உருவாக்கிய மதிப்பெண் முறை 2006-இல் பன்னாட்டு இதழில் வெளியானது. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்துக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை 14 வரை என்றால் காலைக் காக்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் உள்ளவை மருத்துவரின் தீர்ப்புக்கு உரியவை. ஆனால் அந்தக் கால் கோவை வரை உயிரோடு போய்ச் சேர வேண்டுமானால் வழியில் உள்ள மருத்துவமனையில் ரத்தப்போக்கு நிறுத்தப்பட்டு, காயம் மூடப்பட்டு, கால் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இதை அமைப்பாக்கவே தமிழ்நாடு அரசு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சி என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. சுருக்கமாக டி.ஏ.இ.ஐ. என்று ஆங்கில முதலெழுத்துகளால் அழைக்கப்படும் இதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் கொண்ட அவசரப் பிரிவுகள் ஏற்பட்டன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. விபத்தில் வந்தவரைப் போலீஸ் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது, எந்த மருத்துவரும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது. சட்டமும் பணமும் வழிவிட்ட பிறகு மிச்சம் இருப்பது கைத்திறன்.

மாவட்டத்தில் மூன்று மாதம்

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்றாவது, நான்காவது அல்லது ஐந்தாவது அரையாண்டில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அமைப்பில் பணியாற்ற வேண்டும். இதற்கு மாவட்ட ரெசிடென்சி என்று பெயர். கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் பக்கத்து அறையில்; நரம்பியல் டாக்டர் மாடியில். மாவட்டத்தில் அப்படி இல்லை. எதைக் கையிலிருப்பதைக் கொண்டே செய்வது, எதற்கு வண்டியைக் கூப்பிடுவது, வண்டியில் போகும்போது வழியில் என்ன ஆகலாம் என்பதெல்லாம் அங்கேதான் புரியும். ஒரு நோயாளியை அனுப்பும்போது கூடப் போகும் காகிதத்தில் கொடுத்த மருந்தும் அளவும் நேரமும் இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். திருப்பூர் மாவட்டத்துக்கு 2022 முதல் சொந்த அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் இந்த வட்டாரத்தில் அனுப்பும் தூரம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

பாடத்திட்டத்தில் கருவி எதுவும் தேவைப்படாத திறமைகளும் உண்டு. இறப்பைச் சொல்வது அதில் ஒன்று. நடைபாதையில் நின்றபடி சொல்லக் கூடாது; உட்கார வைத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட்டம் கொதிக்கும்போது வார்த்தையைக் குறைப்பது இன்னொன்று. மருத்துவமனை வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தது. இருந்தாலும் முதல் கோபம் வந்து விழுவது அவசரப் பிரிவின் வாசலில்தான். தூக்கம் மற்றொன்று. ரெசிடென்ட் மருத்துவருக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-இல் வகுத்த வரையறை பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. ஷிப்ட் முறையில் இயங்கும் அவசர மருத்துவம் மற்றத் துறைகளைவிட இதற்குச் சற்று நெருக்கமாக இருக்கிறது.

படிப்புக்குப் பின்

எம்.டி. முடித்தவர் மேலும் மூன்று ஆண்டு படித்துத் தீவிர சிகிச்சையில் டி.எம். பட்டம் பெறலாம். குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை, விஷ மருத்துவம், அல்ட்ராசவுண்ட், விபத்துச் சிகிச்சை ஆகியவற்றில் ஃபெலோஷிப் பயிற்சிகள் உண்டு. அமெரிக்காவில் மூன்று அல்லது நான்கு ஆண்டு ரெசிடென்சிக்குப் பிறகே ஃபெலோஷிப் வரும். ஆம்புலன்ஸ் சேவையை வழிநடத்துவதற்கும்கூட அங்கே தனி ஃபெலோஷிப் இருக்கிறது. பிரிட்டனில் இந்தத் துறைக்கான பயிற்சியே ஆறு ஆண்டு. அங்கே வேலை வாய்ப்பு அதிகம் என்பதால் இங்கிருந்து போகிறவர்களும் ஏராளம்.

இங்கேயே தங்குகிறவர்கள் முதலில் மருத்துவக் கல்லூரிகளிலும் மாநகரத் தனியார் மருத்துவமனைகளிலும்தான் சேர்கிறார்கள். வட்டத் தலைநகர மருத்துவமனைகள் வரை இவர்கள் வந்து சேர இன்னும் காலம் ஆகும். அதுவரை அங்கே பணியில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் 108 பணியாளர்களுக்கும் சில நாள் பயிற்சிகள் மூலம் இந்த வரிசையைக் கற்றுத் தருவது, மூன்று ஆண்டு படித்தவர்களின் வேலைகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது. 20 நிமிடம் குழாயை அசைக்காமல் வைப்பதற்குப் பட்டம் தேவையில்லை. ஏன் அசைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்.